வளையும் விரல்கள், விறைக்கும் கைகள்

"கை விறைக்குது" என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு எமது ஊரில் பதில்கள் தயாராக இருக்கின்றன. வயசு போனால் அப்படித்தான். வாதமாக இருக்கும், தைலம் பூசு. இரத்தம் காணாது, கீரை சாப்பிடு. கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பாய். இவையெல்லாம் அன்பினால் சொல்லப்படும் பதில்கள்தாம். ஆனால் பதில் சொல்கின்ற அவசரத்தில் நாம் ஒரு கேள்வியைக் கேட்க மறந்து விடுகின்றோம். "அந்தக் கையால் நீ ஒரு நாளைக்கு என்னென்ன வேலை செய்கிறாய்?" என்பதே அந்தக் கேள்வி.

பெண்களின் கைநோவைப் பற்றி எழுதுவதற்கு ஓர் இலக்கிய மலரில் என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். இம்மலரை வாசிக்கின்ற நாம் எல்லோரும் பேனா பிடிப்பவர்கள். எமது உம்மாமார் அகப்பையும் ஊசியும் தும்புத்தடியும் பிடிப்பவர்கள். பிடிக்கின்ற கையைப் பற்றி நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? வீட்டு வேலையை வேலை என்று நாம் ஏற்றுக்கொள்ளாத வரைக்கும் பெண்களின் கைநோவுக்கு உரிய காரணமும் கிடைக்காது, உரிய காலத்தில் சிகிச்சையும் கிடைக்காது என்பதே எனது கருத்து.

முதலில் நோயை அறிந்து கொள்வோம். எமது மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் ஒரு குழிவான பாத்தி போல அமைந்திருக்கின்றன. அந்தப் பாத்தியின் மேலே ஒரு தடித்த நார் கூரை போலக் குறுக்கே செல்கின்றது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான பாதைதான் மணிக்கட்டுச் சுரங்கம். விரல்களை மடக்குகின்ற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அந்தப் பாதையால்தான் உள்ளங்கைக்குள் வருகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் இடம் போதாமல் போய்விடும். எலும்பு விலகாது, நாண் பொறுத்துக்கொள்ளும். நசுங்குவது அந்த நரம்புதான். இதனையே வைத்தியர்கள் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்கின்றனர்.

நசுங்கிய நரம்பு தனக்கென்று ஓர் அடையாளத்தைக் காட்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை விறைக்கும், ஊசி குத்துவது போல இருக்கும். சின்னவிரலுக்கு வேறொரு நரம்பு செல்வதனால் அது பெரும்பாலும் தப்பிவிடும். பகலை விட இரவில்தான் தொல்லை அதிகம். நள்ளிரவில் எழுந்து கையை உதறினால் கொஞ்சம் சுகம் கிடைக்கும். நாளாக நாளாகப் பொத்தான் போடுவது, ஊசியில் நூல் கோர்ப்பது, போத்தல் மூடியைத் திறப்பது எல்லாம் கடினமாகும். கோப்பை கைதவறி விழும். இந்த நிலையிலும் பார்க்காமல் விட்டால் பெருவிரலின் அடியில் உள்ள சதைமேடு வற்றத் தொடங்கும். வற்றிய சதை பிறகு முழுமையாகத் திரும்பி வராமலே போகலாம். இதனால்தான் "பார்ப்போம், பெருநாள் கழியட்டும்" என்று தள்ளிப்போடுவது ஆபத்தானது.

இனி எமது வகுப்பறைக்கு வருவோம். இடைவேளையில் பெருவிரலை மடக்கி முன்கையில் தொடவைத்து வேடிக்கை காட்டும் தோழி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள். சின்னவிரலை நேர்செங்குத்தாகப் பின்னால் வளைப்பாள். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையை நிலத்தில் வைப்பாள். நாம் கைதட்டுவோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஐந்தில் அளவுக்கு மிஞ்சி வளைந்தது ஐம்பதில் நோகுமா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வாறு மூட்டுக்கள் அளவுக்கு மிஞ்சி வளைவதை மூட்டு மிகைநெகிழ்வு என்பர். மூட்டுக்களைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்கள் கொலாஜன் என்ற புரதத்தினால் ஆனவை. அந்த நார்கள் தளர்வாக அமைந்தவர்களுக்கு மூட்டும் தளர்வாக இருக்கும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆண்களை விடப் பெண்களிடமும், பெரியவர்களை விடச் சிறுவர்களிடமும், ஐரோப்பியரை விட ஆசிய, ஆபிரிக்க மக்களிடமும் கூடுதலாகக் காணப்படுவது. இதனை அளப்பதற்கு இன்று உலகம் முழுவதும் பயன்படுவது பெய்ட்டன் அளவை. 1973ஆம் ஆண்டு பெய்ட்டனும் அவரது சகாக்களும் தென்னாபிரிக்காவின் ஒரு கிராமிய சமூகத்தில் செய்த ஆய்வில் இது பயன்பட்டது. இரு சின்னவிரல்கள், இரு பெருவிரல்கள், இரு முழங்கைகள், இரு முழங்கால்கள், முதுகு என மொத்தம் ஒன்பது புள்ளிகள். வளர்ந்தவர் ஒருவர் ஐந்து புள்ளிகளோ அதற்கு மேலோ பெற்றால் அவருடைய மூட்டுக்கள் மிகையாக நெகிழ்பவை எனக் கொள்வர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மூட்டு வளைகின்ற எல்லோரும் நோயாளிகள் அல்லர். அவர்களில் பெரும்பாலானோர் எந்த வருத்தமும் இல்லாமல் வாழ்கின்றனர். வளைவதுடன் நோவும், அடிக்கடி மூட்டு விலகுவதும், களைப்பும் சேர்ந்து வரும்போதுதான் கவனம் தேவை. எனினும் தளர்ந்த மணிக்கட்டு ஒரே வேலைக்குக் கூடுதலான உழைப்பைக் கொடுக்கின்றது என்பதை விளங்கிக் கொள்ளலாம். நார் செய்ய வேண்டிய வேலையைத் தசை செய்கின்றது. எழுதும்போது பெருவிரலின் மூட்டு பின்னோக்கி வளைந்து விடுவதால் பேனாவை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கின்றது. உறக்கத்தில் மணிக்கட்டு அதிகமாக மடங்கிக் கிடந்தால் சுரங்கத்துக்குள் அழுத்தம் கூடுகின்றது. துருக்கியில் பெண்களிடையே செய்யப்பட்டு 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மணிக்கட்டுச் சுரங்க நோயுள்ளவர்களிடம் மூட்டு மிகைநெகிழ்வு கூடுதலாக இருப்பதாகக் கூறியது. ஓர் ஆய்வை வைத்து ஒன்றுக்கு மற்றையதே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் வளைகின்ற கையுள்ள பெண் பிள்ளை கைநோவு என்று சொன்னால் அதைச் சாட்டு என்று தள்ளிவிடாமல் இருப்பதற்கு இதுவே போதும்.

மணிக்கட்டுச் சுரங்க நோய் ஆண்களை விடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வருகின்றது. ஏன்? பெண்ணின் மணிக்கட்டு சிறியது. கர்ப்ப காலத்தில் உடலில் நீர் தேங்குவதால் சுரங்கம் நெருக்கமாகின்றது. மாதவிடாய் நிற்கும் வயதிலும் இந்நோய் கூடுகின்றது. தைரொய்ட் குறைபாடு, நீரிழிவு, மூட்டுவாதம், உடற்பருமன் ஆகியனவும் காரணங்களாகும். இவற்றில் எதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தப் பட்டியல் பெண்ணின் உடலோடு நின்று விடுகின்றது. அவளுடைய கை செய்கின்ற வேலையை நாம் மறந்து விடுகின்றோம். இந்த மறதி எமது ஊருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவ வரலாற்றிலேயே அதற்கு ஓர் இடமுண்டு.

மணிக்கட்டில் இந்த நரம்பு நசுங்குவதை 1854ஆம் ஆண்டு ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் எழுதி வைத்தார். 1947ஆம் ஆண்டு லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் ரசல் பிரெய்னும் இரு சகாக்களும் சத்திரசிகிச்சை செய்த ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினர். ஆறு பேரும் பெண்கள். அதன் பின்னர் இந்நோயை உலகறியச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் பேலன். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடிக்கச் சொல்லி வைத்தியர்கள் இன்றும் செய்யும் சோதனை அவருடைய பெயரால்தான் அழைக்கப்படுகின்றது. பதினேழு வருட அனுபவத்தில் தாம் கண்ட 654 கைகளைப் பற்றி அவர் 1966ஆம் ஆண்டு எழுதினார். அவரிடம் வந்தவர்களிலும் பெண்களே அதிகம். பாரமான கைவேலை செய்யாத பெண்களுக்கே கூடுதலாக வருவதால் இது தொழிலினால் வருகின்ற நோயன்று என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது.

இந்தத் தர்க்கத்தைச் சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருக்கும் பெண் கைவேலை செய்வதில்லையாம்! உடுப்பைக் கையால் துவைத்து முறுக்கிப் பிழிவது கைவேலை இல்லையென்றால் வேறு எது கைவேலை? பேலன் சிறந்த மருத்துவர். அவருடைய சோதனையால் பயன் பெற்றவர்கள் ஏராளம். ஆனால் அத்தகைய ஒருவரின் கண்ணுக்கும் வீட்டு வேலை வேலையாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தின் கண் அப்படி இருந்தது. இன்றைய எமது கண் மாறிவிட்டதா?

2010ஆம் ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பு தனது தொழில்சார் நோய்களின் பட்டியலைத் திருத்தியது. அதில் மணிக்கட்டுச் சுரங்க நோய் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. நீண்ட நேரம் திரும்பத் திரும்ப வலுக்கொடுத்துச் செய்யும் வேலை, அதிர்வுள்ள வேலை, மணிக்கட்டை மிகையாக வளைத்துச் செய்யும் வேலை ஆகியவற்றால் இந்நோய் வரலாம் என்று அது ஏற்றுக்கொண்டுள்ளது. இந்த மூன்றில் அதிர்வை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு எமது ஊர்க் குசினி ஒன்றுக்குள் போய்ப் பார்ப்போம்.

சுபஹுக்குப் பின்னர் இடியப்பம். உரலைப் பிடித்து இரு மணிக்கட்டையும் அழுத்திப் பிழிய வேண்டும். கடைக்குக் கொடுக்கும் வீடென்றால் இது நூற்றுக்கணக்கில் போகும். அடுத்து திருவலையில் தேங்காய். ஒரு பாதித் தேங்காய்க்கு மணிக்கட்டு எத்தனை தடவை சுழல்கின்றது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பால் பிழிவதும் அதே கைதான். கடற்கரை ஊர் என்பதால் மீன் வரும். செதிள் சுரண்ட வேண்டும், வெட்ட வேண்டும். உடுப்புத் துவைத்து, முறுக்கி, உதறிக் காயப்போட வேண்டும். முற்றம் கூட்ட வேண்டும். அஸருக்குப் பின்னர் தையல் மெசின். பெருநாள் நெருங்கினால் நள்ளிரவு வரை அது ஓடும். நோன்பு மாதத்தில் இவற்றோடு கஞ்சியும் பலகாரமும் சேர்ந்து கொள்ளும். எந்தத் தொழிற்சாலையிலும் இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு நேர அட்டவணை இருக்கும், ஓய்வு நாள் இருக்கும், கையில் காயம் பட்டால் எழுதுவதற்கு ஒரு பதிவேடு இருக்கும். குசினியில் இவற்றில் எதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே வேலையை ஒரு பெண் மத்திய கிழக்கில் இன்னொருவர் வீட்டில் செய்தால் அது தொழில். அதற்கு ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு. அவள் அனுப்பும் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் சேர்கின்றது. 2011ஆம் ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காகவே ஒரு சமவாயத்தையும் கொண்டு வந்தது. அதே பெண் ஊருக்குத் திரும்பி அதே வேலையைத் தன் வீட்டில் செய்தால், "இப்ப என்ன செய்றா?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில், "சும்மா வீட்டில்தான் இருக்கிறா." இலங்கையின் தொழிற்படை மதிப்பீட்டிலும் முழுநேரமும் வீட்டு வேலை செய்யும் பெண் பொருளாதார ரீதியில் செயற்படாதவர் என்ற வகுப்பிலேயே வருகின்றாள். 2017இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டில் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடாத்தி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குச் செலவாகும் நேரத்தையும் கணக்கெடுத்தது நல்லதொரு தொடக்கம். ஆனால் எண்ணிக்கை அறிக்கையில் ஏறினால் மட்டும் போதாது. அது வைத்தியசாலைத் துண்டிலும் ஏற வேண்டும், வீட்டாரின் மனதிலும் ஏற வேண்டும்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களும் இருக்கின்றனர். "அந்தக் காலத்தில் உம்மும்மாமார் அம்மியில் அரைத்து, உரலில் இடித்து, கிணற்றில் அள்ளினார்கள். அவர்களுக்கு இந்த நோய் வரவில்லையே" என்பது அவர்களது முதல் மறுப்பு. வரவில்லை என்று யார் சொன்னது? பெயர் இருக்கவில்லை, அவ்வளவுதான். இரவில் எழுந்து கையை உதறிக்கொண்டு திண்ணையில் இருந்த உம்மும்மாமாரை எமது குடும்பங்கள் எல்லாவற்றிலும் தேடிப் பாருங்கள். "பேத்திக்குக் கஷ்டம் வேண்டாம்" என்று அவர்கள் அதைச் சொல்லாமல் இருந்ததை நாம் நோய் இல்லாததாக எடுத்துக்கொண்டோம்.

"எல்லாவற்றுக்கும் வீட்டு வேலையையே குற்றம் சொல்வதா?" என்பது இரண்டாவது மறுப்பு. அவ்வாறு சொல்லக் கூடாது என்பதை நானும் ஏற்றுக்கொள்கின்றேன். வேலை ஒரு காரணம் மட்டுமே. சிலருக்கு நீரிழிவு, சிலருக்குத் தைரொய்ட், சிலருக்குப் பரம்பரை முதன்மையான காரணமாக இருக்கும். ஆனால் பரம்பரையை மாற்ற எம்மால் முடியாது. வயதை மாற்ற முடியாது. வேலையை மாற்றலாம், பகிரலாம், இடைவெளி விட்டுச் செய்யலாம். எமது கைக்கு எட்டக்கூடிய காரணத்தை விட்டுவிட்டு எட்டாத காரணங்களை மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

மூன்றாவது மறுப்பு தூரத்தைப் பற்றியது. புல்மோட்டையில் ஆதார வைத்தியசாலை இருந்தாலும், விசேட நிபுணரையோ நரம்புச் சோதனையையோ தேடுகின்றவர்கள் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து திருகோணமலைக்கோ அதற்கும் அப்பாலோ போக நேரிடுகின்றது. ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு முழுநாள். அன்றைய சமையலை யார் செய்வது, பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியில்தான் பல பெண்களின் பயணம் நின்று போகின்றது. காயம்பட்டவர்களை இந்த ஊர் அறியாததல்ல. 2009ஆம் ஆண்டு மார்ச்சில் வன்னியிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவரப்பட்ட காயக்காரர்களுக்காக இந்திய மருத்துவக் குழு எமது ஊரில்தான் அவசர வைத்தியசாலையை அமைத்தது. இரத்தம் வடிகின்ற காயத்துக்கு ஓடுவதற்கு எமக்குத் தெரியும். இரத்தம் வராத, வீக்கம் தெரியாத, இரவில் மட்டும் நோகின்ற காயத்துக்கு ஒரு நாளை ஒதுக்கத்தான் இன்னும் பழகவில்லை.

ஆகவே என்ன செய்யலாம்?

வீட்டில் முதலில் கேட்போம். எமது உம்மாவிடம், மாமியிடம், சாச்சியிடம், "எந்த விரல் விறைக்குது? இரவில் எழும்புறீங்களா? சின்னவிரலும் விறைக்குதா?" என்று கேட்போம். சுஜூதில் கையை ஊன்றும்போது மணிக்கட்டு நோகின்றது என்று உம்மும்மா சொன்னால், முழங்கால் நோவைக் கேட்பது போலவே அதையும் காது கொடுத்துக் கேட்போம். கேட்ட பிறகு வேலையைப் பகிர்வோம். தேங்காய் துருவுவதற்கும் போர்வை பிழிவதற்கும் பலமுள்ள கை தேவையென்றால், நானாவின் கையும் தம்பியின் கையும் அந்த வீட்டில்தானே இருக்கின்றன? பெண் பிள்ளை மட்டுமே பழக வேண்டிய வேலை என்று எந்த வேலையும் இல்லை.

அடுத்தது வைத்தியசாலை. ஆரம்பத்திலேயே போனால் சிகிச்சை எளிது. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஒரு பட்டியை அணிந்தாலே பலருக்குச் சுகம் கிடைக்கின்றது. தேவைப்பட்டால் ஸ்டீரொயிட் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் அந்தக் கூரை நாரை வெட்டிவிடும் சிறிய சத்திரசிகிச்சை. பெரும்பாலும் கையை மட்டும் விறைக்கச் செய்தே அதைச் செய்து விடுகின்றனர். இந்நாட்டில் அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. நீரிழிவும் தைரொய்ட்டும் இருக்கின்றனவா என்று இரத்தத்தைச் சோதித்துக் கொள்வதும் முக்கியம். கைவிறைப்புத்தான் அந்த நோய்களின் முதல் அறிவிப்பாகவும் இருக்கலாம். சுகவனிதையர் கிளினிக்கிலும், கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கைவிறைப்பைத் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லும்போது, "சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். பிழிகின்றேன், துருவுகின்றேன், தைக்கின்றேன் என்று வேலையின் பெயரைச் சொல்லுங்கள். நோய்க்குரிய துப்பு அதில்தான் இருக்கின்றது.

இறுதியாக எமது கல்லூரி. உயர்தரப் பரீட்சையில் மூன்று மணித்தியாலங்கள் விடாமல் எழுத வேண்டும். மூட்டு மிகையாக வளையும் மாணவிக்கு முதல் மணித்தியாலத்திலேயே பெருவிரல் நோகத் தொடங்கலாம். அவளுடைய எழுத்து சரிந்தால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம் என்று ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். தடித்த பேனா, தளர்ந்த பிடி, பக்கத்துக்கு ஒரு தடவை கையைக் கீழே விட்டு ஓய்வு கொடுத்தல் ஆகிய சிறிய விடயங்களும் உதவும். உடற்கல்விப் பாடத்தில் அப்படிப்பட்ட பிள்ளையை மேலும் வளையச் சொல்லிக் கைதட்டுவதை விட, மூட்டைத் தாங்கும் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியைக் கொடுப்பதே நன்மையானது. விசேட தேவையுடைய பரீட்சார்த்திகள் உரிய மருத்துவச் சான்றுடன் மேலதிக நேரம் போன்ற சலுகைகளைக் கோருவதற்குப் பரீட்சைத் திணைக்களத்தில் நடைமுறை உண்டு. உண்மையாகவே தேவைப்படும் மாணவி அதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் கேட்காமல், நோவு தொடங்கும்போதே வைத்தியரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தோழியரே, பொறுமை நல்ல குணம். ஆனால் சொல்லாமல் இருப்பதெல்லாம் பொறுமையாகி விடாது. எமது உம்மாமார் தமது கைநோவை மறைத்துத்தான் எம்மைப் படிக்க அனுப்பினார்கள். படித்த நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் கைம்மாறு, அவர்களுடைய வேலைக்கு வேலை என்று பெயர் வைப்பதும், அவர்களுடைய நோவுக்கு நோய் என்று பெயர் வைப்பதும்தான். பெயர் வைத்த பின்னர் மருந்து தேடுவது கடினமில்லை.